போட்டோ: டாரோ

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பும் பெண்ணைப் பற்றிய நாவல் என்று சொன்னாலே போதும், மீதிக் கதையை நீங்களே சொல்லிவிடுவீர்கள். முதல் அத்தியாயத்தில் அவளுக்கு ஆபீஸ் பிடிக்காது. இல்லாவிட்டால் கல்யாணம் முறிந்திருக்கும். மூன்றாவது அத்தியாயத்தில் விமானம். ஐந்தாவதில் ஒரு மலையடிவாரம், சுருக்கம் விழுந்த ஒரு பாட்டியின் முகம், க்ளிக்! ‘இதற்காகத்தான் பிறந்தேன்’ என்று அவளுக்குப் புரிந்துவிடும். பிறகு தாடி வைத்த ஒருவன் வருவான். கடைசியில் ஒரு கண்காட்சி, கைத்தட்டல், சுபம். இந்த வகை நாவல்களை ரயிலில் படிக்கலாம். இறங்கும்போது ஸீட்டிலேயே விட்டுவிட்டும் வரலாம், அடுத்து வந்து உட்காருபவருக்குப் பொழுது போகும்.

இந்த வாரம் நான் சொல்லப்போவதும் அப்படி ஒரு பெண்ணைப் பற்றிய நாவல்தான். ஊரைவிட்டுக் கிளம்புகிறாள், போலீஸுக்குப் பயந்து. கேமரா கைக்கு வருகிறது, ரூம் வாடகை கொடுப்பதற்காக. ஒருவன் வருகிறான், தாடி கிடையாது, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கும் வழி கிடையாது. கண்காட்சியும் உண்டு. அவள் செத்து எழுபது வருஷம் கழித்து.

நாவலின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘லைகா வைத்திருந்த பெண்’. எழுதியவர் ஹெலெனா யானெசெக். போலந்து யூதப் பெற்றோருக்கு 1964-ல் ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்தில் பிறந்து, இருபது வயதைத் தொடும் முன்பே இத்தாலிக்குக் குடிபோய், இத்தாலிய மொழியில் எழுதுபவர். நாவல் வெளிவந்தது 2017-ல். அடுத்த வருஷம் இத்தாலியின் பெரிய இலக்கியப் பரிசான ஸ்ட்ரேகா இதற்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய பதினைந்து வருஷமாக அந்தப் பரிசு ஒரு பெண்ணுக்கும் போகவில்லை என்பது உபரித் தகவல். 2019-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஆன் கோல்ட்ஸ்டைன். எலெனா ஃபெரான்டேயை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தாரே, அதே அம்மணி.

கதாநாயகி கற்பனை இல்லை. கெர்டா டாரோ என்று ஒரு பெண் நிஜமாகவே இருந்தாள். அவள் கதை தெரியாமல் இந்த நாவலுக்குள் நுழைந்தால் திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்த மாதிரி முழிக்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் நிஜம்.

1910 ஆகஸ்ட் 1-ம் தேதி ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவள். இயற்பெயர் கெர்ட்டா பொஹோரில். யூதக் குடும்பம். பிற்பாடு லைப்ஸிக் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். நல்ல துணிமணி, டென்னிஸ், நடனம் என்று இருந்த பெண், இடதுசாரி நண்பர்களோடு சேர்ந்து நாஜிகளுக்கு எதிரான துண்டுப் பிரசுர வேலையில் இறங்கினாள். ஹிட்லர் வந்த 1933-லேயே, மார்ச் மாதத்தில் கைது. இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே. வெளியே வந்ததும் இனி இங்கே இருப்பது ஆகாது என்று அந்த வருஷமே பாரிஸுக்குப் போய்விட்டாள். பெற்றோரை அதற்கப்புறம் பார்க்கவே இல்லை.

பாரிஸில் அகதி. முறைப்படி வேலை பார்க்க அனுமதி கிடையாது. டைப் அடிப்பது, கிடைத்ததைச் செய்வது. ரூத் செர்ஃப் என்ற லைப்ஸிக் தோழியோடு ஒரே அறையில் ஜாகை. 1934-ல் ஒரு ஹங்கேரிக்காரப் பையன், எண்ட்ரே ஃப்ரீட்மன் என்று பெயர், ஓர் இன்ஷூரன்ஸ் விளம்பரத்துக்குப் படம் எடுக்க ரூத்தைக் கூப்பிட்டான். பையனைப் பார்த்தால் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கவே, ரூத் துணைக்கு கெர்டாவை இழுத்துக்கொண்டு போனாள். இப்படித்தான் ஆரம்பித்தது. அவன் அவளுக்கு கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். அவள் அவனுக்குத் தலை சீவவும் கோட்டு போடவும் சொல்லிக்கொடுத்தாள்.

1935-ல் மரியா ஐஸ்னர் நடத்திய அலையன்ஸ் போட்டோ என்ற ஏஜென்ஸியில் கெர்டாவுக்கு வேலை. படத்தைத் தேர்ந்தெடுப்பது, விற்பது, பத்திரிகைக்காரர்களிடம் பேரம் பேசுவது எல்லாம் அங்கே கற்றது. 1936-ல் பத்திரிகையாளர் அடையாள அட்டை கிடைத்தது. ஓர் அகதிக்கு அந்த அட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் நான் இருக்கிறேன், இன்ன வேலை செய்கிறேன் என்று சொல்ல ஒரு காகிதம். ‘ஆர்வம்’, ‘தேடல்’ என்றெல்லாம் பின்னட்டையில் அச்சடிக்கிறோமே, அது வருவதற்கு முன்னால் அந்த அட்டை வந்தது.

அதே வருஷம் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஓர் அபாரமான பித்தலாட்டம் செய்தார்கள். அகதிப் பையன் எடுத்த படத்துக்கு எவன் காசு தருவான்? ‘ராபர்ட் காப்பா’ என்று ஒரு பணக்கார அமெரிக்கப் போட்டோகிராபரை உருவாக்கினார்கள். ‘அவர் ரொம்ப பிஸி, அவருடைய படம் சும்மா கிடைக்காது’ என்று சொல்லி அதிக விலைக்கு விற்றார்கள். படம் எடுத்ததும் டார்க் ரூமில் நின்றதும் இந்த இரண்டு பேர்தான். குட்டு உடைந்த பிறகு அந்தப் பெயரை ஃப்ரீட்மன் எடுத்துக்கொண்டான். பொஹோரில் என்ற பெயரை விட்டுவிட்டு அவள் கெர்டா டாரோ ஆனாள். சொல்லிப் பாருங்கள், கிரேட்டா கார்போ மாதிரி காதில் விழும். டாரோ என்பது அப்போது பாரிஸில் இருந்த ஜப்பானிய ஓவியர் டாரோ ஒகமோட்டோவிடமிருந்து வந்தது.

1936 ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். ஆகஸ்டில் இரண்டு பேரும் பார்சிலோனாவில். அதற்கப்புறம் அவளுக்கு ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. 1937 ஜூலை 25, மாட்ரிட்டுக்கு அருகில் புருனெட்டே போர்முனை. காப்பா பாரிஸுக்குப் போயிருந்தான், அவள் தனியாக அங்கே நின்றாள். குடியரசுப் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போன காரின் பக்கவாட்டுப் படியில் தொற்றிக்கொண்டாள். தங்கள் பக்கத்து டாங்க் ஒன்று தறிகெட்டு வந்து காரில் மோதியது. மறுநாள் விடிகாலை எல் எஸ்கோரியால் மருத்துவமனையில் இறந்துபோனாள். பாரிஸில் அடக்கம் செய்தது ஆகஸ்ட் 1-ம் தேதி. இருந்திருந்தால் அன்று அவளுக்கு இருபத்தேழாவது பிறந்த நாள். கல்லறைக்குச் சிற்பம் செய்தவர் ஜியகோமெட்டி.

சரி, நாவலுக்கு வருவோம்.

இவ்வளவு சினிமாத்தனமான வாழ்க்கை கையில் கிடைத்தால் வேறு யாராயிருந்தாலும் ‘நான் கெர்டா. அன்று லைப்ஸிக்கில் மழை பெய்துகொண்டிருந்தது’ என்று ஆரம்பித்திருப்பார்கள். யானெசெக் அதைச் செய்யவில்லை. முன்னூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஓரிடத்தில்கூட கெர்டாவின் மனசுக்குள் நுழைய அவர் தனக்கு அனுமதி கொடுத்துக்கொள்ளவில்லை. நாவலுக்கு மூன்று பாகம். மூன்றும் அவளைத் தெரிந்த மூன்று பேரின் ஞாபகம்.

முதல் பாகம் வில்லி சார்டாக். 1960, அமெரிக்காவில் பஃபலோ நகரம். ரோமிலிருந்து பழைய நண்பனின் போன் வருகிறது. அது போதும், பழசெல்லாம் கிளம்பிவிடுகிறது. இளமையில் கெர்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தவர் வில்லி. டேஷண்ட் என்று குட்டைக்கால் நாய் இருக்கிறதே, அந்தப் பெயரைத்தான் நண்பர்கள் அவருக்கு வைத்திருந்தார்கள். அவளுக்கு உதவி எல்லாம் செய்வார். அவள் சிரிப்பாள். அதோடு சரி. (இந்த வில்லி சார்டாக் நிஜ வாழ்க்கையில் என்ன செய்தார் தெரியுமா? உடம்புக்குள்ளேயே வைக்கக்கூடிய பேஸ்மேக்கரை வில்சன் கிரேட்பாட்சோடு சேர்ந்து உருவாக்கி, 1960-ல் நோயாளிக்குப் பொருத்திய டாக்டர். காதலில் இதயம் நொந்தவர், இதயத்துக்கு மெஷின் செய்திருக்கிறார். நான் கதையில் இப்படி எழுதினால் எடிட்டர் ‘ஓவர் சார்’ என்று வெட்டிவிடுவார்.)

இரண்டாம் பாகம் ரூத். 1938, பாரிஸ். கெர்டா செத்து ஒரு வருஷம். காப்பா சீனப் போரைப் படமெடுக்கப் போயிருக்கிறான். அவனுடைய ஸ்டூடியோவில் சிக்கி வைஸ் என்ற ஹங்கேரி நண்பரோடு உட்கார்ந்து ரூத் ஸ்பெயின் படங்களோடு மல்லுக்கட்டுகிறாள். மூன்றாம் பாகம் கியோர்க் குரிட்ஸ்கெஸ். லைப்ஸிக் காலத்துக் காதலன். ஸ்பெயினில் சர்வதேசப் படையில் சேர்ந்து போராடியவன், 1960-ல் ரோமில் ஐ.நா. அமைப்பு ஒன்றில் வேலை பார்க்கும் நடுத்தர வயது மனிதர். வில்லிக்கு போன் போட்டவர் இவர்தான்.

மூன்று பேருக்கும் முன்னாலும் பின்னாலும் நாவலாசிரியரே வந்து புகைப்படங்களைப் பற்றிப் பேசும் இரண்டு சிறு பகுதிகள். சும்மா சொல்லக் கூடாது, புத்தகத்தின் மிக நல்ல பக்கங்கள் அங்கேதான் இருக்கின்றன.

முதல் பகுதியில் ஒரு படம் வருகிறது. பார்சிலோனா, 1936 ஆகஸ்ட். போருக்குக் கிளம்பவிருக்கும் ஒரு ஆணும் பெண்ணும் நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, உலகத்தையே மறந்து சிரிக்கிறார்கள். இந்த ஜோடியைக் காப்பாவும் எடுத்திருக்கிறான், கெர்டாவும் எடுத்திருக்கிறாள். கிட்டத்தட்ட ஒரே நிமிஷம், இரண்டு கேமரா. நீங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு ஃப்ரெட் ஸ்டைன் எடுத்த இன்னொரு படம் இருக்கிறது, பாரிஸ் காபிக்கடையில் காப்பாவும் கெர்டாவும் சிரித்துக்கொண்டிருப்பது. அதையும் கூட வையுங்கள். கேமராவுக்கு முன்னால் இருக்கும் ஜோடிக்கும் பின்னால் இருக்கும் ஜோடிக்கும் வித்தியாசம் குறைந்துகொண்டே போகும்.

எந்தப் படம் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஆரம்ப மாதங்களில் கெர்டாவின் கேமராவில் நெகட்டிவ் சதுரமாக வரும். காப்பாவின் லைகாவில் நீள்சதுரம். சதுரமா, அப்படியானால் அவளுடையது. 1937-ல் அவளும் 35 மில்லிமீட்டருக்கு மாறியதும் இந்தத் துப்பும் போச்சு. ஆக ‘லைகா வைத்திருந்த பெண்’ என்ற தலைப்பே கொஞ்சம் குறும்பானது. லைகா அவள் கைக்கு வந்த காலம்தான் அவள் படமும் அவன் படமும் ஒன்றாகக் கலந்துபோன காலம்.

இந்த நாவல் பேச வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இது பெயர்ச் சண்டை. அவள் உயிரோடு இருந்தபோதே மெல்ல மெல்லத் தன் பெயருக்கு இடம் பிடித்துக்கொண்டு வந்தாள். 1937 ஆரம்பத்தில் ‘காப்பா & டாரோ’ என்று சேர்த்துப் போட்டார்கள். பிறகு ‘போட்டோ டாரோ’ என்று தனி முத்திரை. பாரிஸின் ‘ஸ ஸுவார்’ என்ற மாலைப் பேப்பரில் அவள் படங்கள் அவள் பெயரிலேயே வந்தன. அப்போது அவள் செத்துப்போனாள். பெற்றோரும் சகோதரர்களும் நாஜிகள் நடத்திய படுகொலையில் போய்விட்டார்கள். உரிமை கேட்க ஒரு சித்தப்பா மகன்கூட மிச்சமில்லை. காப்பாவோ உலகப் புகழ் பெற்றான், 1947-ல் நண்பர்களோடு மாக்னம் நிறுவனத்தை ஆரம்பித்தான், 1954-ல் இந்தோசீனாவில் கண்ணிவெடியில் கால் வைத்து இறந்தான். அவனுடைய ஆவணங்களைப் பாதுகாக்க ஆள் இருந்தார்கள். அந்தக் குவியலில் அவள் படங்களும் ‘காப்பா’வாகப் போய்ச் சேர்ந்தன. யாரும் திட்டம் போட்டுத் திருடவில்லை. கேட்க ஆளில்லாத வீட்டை அடுத்த வீட்டுத் தோட்டம் மெல்ல மூடிக்கொள்கிற மாதிரி நடந்தது.

காப்பாவையும் வில்லனாக்கிவிட வேண்டாம். 1938-ல் அவன் வெளியிட்ட ஸ்பெயின் புத்தகத்தை அவளுக்குத்தான் சமர்ப்பணம் செய்தான், படங்கள் இருவருடையது என்றும் அதிலேயே போட்டிருந்தான். எந்தப் படம் யாருடையது என்றுதான் சொல்லவில்லை. 2020-ல் மறுபதிப்பு வந்தபோதுதான் படம் படமாகப் பிரித்துச் சொன்னார்கள். ரூத்தின் பாகம் நடக்கும் காலம் சரியாக அந்த 1938. ஒரு தோழி செத்துப்போயிருக்கிறாள், அவள் எடுத்த படங்கள் எதிரே கிடக்கின்றன, ‘இது அவளுடையது’ என்று நெஞ்சுக்குத் தெரிகிறது, ஆனால் அது அவ்வளவு முக்கியம் என்று அந்த நிமிஷத்தில் அங்கே இருக்கும் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரே பற்றியெரியும்போது போட்டோவுக்குக் கீழே யார் பெயர் என்று யார் பார்ப்பார்கள்? நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான். ரூத்துக்கு கெர்டா மேல் காதல் இல்லை, பொறாமை கொஞ்சம் உண்டு, கோபம் நிறைய உண்டு, கூட இருந்து பசித்த பழக்கம் உண்டு. அதனால் அவள் சொல்லும் கெர்டாதான் மூன்று கெர்டாக்களில் அதிகம் ரத்தமும் சதையுமாக இருக்கிறாள்.

நம்ம ஊரில் இந்த மாதிரி நடக்காதா என்று கேட்காதீர்கள். கிட்டத்தட்ட அதே வருஷங்களில் பம்பாயில் ஒரு பார்ஸிப் பெண் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். அவருடைய ஆரம்பப் படங்கள் கணவர் மானெக்ஷா பெயரில்தான் பிரசுரமாயின. அவருக்கு ஆயுசு கெட்டி. 98 வயது வரை இருந்து, 2011-ல் பத்மவிபூஷண் வாங்கி, தன் படம் எது என்று தானே சொல்லிவிட்டுப் போனார். கெர்டாவுக்கு 26 வயசு. எங்கே சொல்வது?

இப்போது என் வழக்கு.

கெர்டா மனசுக்குள் போக மாட்டேன் என்று யானெசெக் அடம்பிடித்தது சரிதான். போயிருந்தால் அந்தச் ‘க்ளிக்’ அத்தியாயத்தை எழுதியே தீர வேண்டும். அவள் விட்டுப்போனது படங்களும் மற்றவர்களின் ஞாபகமும்தான், அந்த வாயில் வசனம் வைப்பது இன்னொரு விதமான பெயர் மாற்றல். 2009-ல் சுஸானா ஃபோர்ட்டெஸ் என்ற ஸ்பானிய எழுத்தாளர் இதே கெர்டாவை வைத்து நாவல் எழுதினார். தலைப்பைப் பாருங்கள்: ‘ராபர்ட் காப்பாவுக்காகக் காத்திருந்து’! 2012-ல் ஆல்ட்-ஜே என்ற ஆங்கில பாப் குழு ‘டாரோ’ என்று அவள் பெயரிலேயே ஒரு பாட்டுப் போட்டது. கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசி காப்பா எப்படிச் செத்தான் என்பதுதான். இந்தக் கூட்டத்தில் யானெசெக் தனி ஆள்.

ஆனால் இந்த நேர்மைக்கு நாவல் கொடுக்கும் விலை கொஞ்சநஞ்சமில்லை. ஞாபகம் வைத்திருக்கும் மூன்று பேரில் இரண்டு பேர் அவளைக் காதலித்த ஆண்கள். காதலித்தவனுக்கு எது ஞாபகம் இருக்கும்? அவள் சிரித்தது, நடந்தது, யாரோடு போனாள் என்பது, எந்தச் சட்டை போட்டிருந்தாள் என்பது. பக்கம் பக்கமாக அவள் வசீகரம் வருகிறது. படித்து முடிக்கும்போது கெர்டா எப்படிச் சிகரெட் பிடிப்பாள் என்று எனக்குச் சொல்லத் தெரியும். எப்படிப் படம் எடுப்பாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெயிலை எப்படிப் பார்த்தாள், எவ்வளவு கிட்டே போவாள், எந்த நொடிக்குக் காத்திருப்பாள் என்று அந்த ஞாபகங்களில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஸ்பெயினில் இருந்த பதினொரு சொச்ச மாதத்தில் ஒரு கற்றுக்குட்டி எப்படி ஒரு போட்டோகிராபர் ஆனாள் என்பதுதான் அவள் வாழ்க்கையின் மைய விஷயம். நாவலில் அது பெரும்பாலும் தூரத்துச் சத்தமாகத்தான் கேட்கிறது. போட்டோவுக்காக நினைக்கப்பட வேண்டிய பெண்ணை இங்கேயும் அழகுக்காக நினைக்க வைத்துவிட்டார்களே என்று எனக்கு வருத்தம்.

‘ஞாபகம் அப்படித்தான் இருக்கும், அதைத்தான் அவர் காட்டுகிறார்’ என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன், பாதி. ஞாபகம் மழுப்புவதைக் காட்டுவதற்கு நூறு பக்கம் போதும். மீதிப் பக்கங்களில் மழுப்பலே கதையாகிவிடுகிறது. வில்லியின் பாகத்தில் பஃபலோ தெருக்களில் நாமும் ரொம்ப நேரம் நடக்கிறோம், கால் வலிக்கிறது. ஆள் பெயர்கள் வேறு மழையாகக் கொட்டுகின்றன. பென்சிலும் பேப்பரும் பக்கத்தில் வைத்துக்கொள்வது உத்தமம்.

அவள் படம் எப்படி இருக்கும் என்று நாவல் சொல்லாததை நான் கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறேன்.

1936 ஆகஸ்ட், பார்சிலோனா அருகே ஒரு கடற்கரை. போர்ப்படையில் சேர்ந்த ஒரு பெண் மணலில் ஒரு முழங்காலை ஊன்றிக் கைத்துப்பாக்கியை நேராக நீட்டிக் குறி பார்த்துப் பழகுகிறாள். கேமரா தாழ இருப்பதால் பின்னால் வெறும் வானம். ஆள் பெரிய சிலை மாதிரி தெரிகிறாள். அப்புறம்தான் காலைப் பார்க்கிறோம். ஹீல்ஸ் வைத்த செருப்பு! நேற்றுவரை டான்ஸுக்குப் போன கால் என்று தோன்றுகிறது. இதை ஓர் ஆண் எடுத்திருக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் அவன் அந்தச் செருப்பை வேடிக்கையாக எடுத்திருப்பானோ என்று ஒரு சந்தேகம். இவள் அதை வேடிக்கை ஆக்கவில்லை. ஹீல்ஸ் பற்றி அவளுக்கே தெரியும்.

இன்னொன்று, 1937 மே, வாலென்ஸியா. குண்டுவீச்சில் செத்தவர்களை வைத்திருக்கும் சவக்கிடங்கு. வெளியே இரும்புக் கதவுக் கம்பிகளுக்குப் பின்னால் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது, உள்ளே தங்கள் ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள. கெர்டா கதவுக்கு உட்பக்கம் நின்று அந்த முகங்களை எடுத்திருக்கிறாள். செத்தவர்கள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்து உயிரோடு இருப்பவர்களைப் பார்க்கும் படம். பிறகு உள்ளே திரும்பி சடலங்களையும் எடுத்தாள், தரையில் கிடந்தவர்களை, கிட்டே போய். கடற்கரைப் படத்துக்கும் இதற்கும் நடுவே ஒன்பதே மாதம். முதல் படத்தில் இருந்த பெருமிதம் இதில் சுத்தமாக இல்லை. இந்த ஒன்பது மாதத்தில் என்ன நடந்தது என்று யாராவது ஒரு நாவல் எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

படங்கள் எப்படித் திரும்பி வந்தன என்பது தனிக் கதை. மூன்று அட்டைப்பெட்டிகளில் சுமார் 4,500 நெகட்டிவ்கள், காப்பா, டாரோ, அவர்கள் நண்பர் சிம் மூவரும் எடுத்தவை. 1939-ல் நாஜிகள் வருமுன் அவற்றைப் பாரிஸிலிருந்து வெளியே கொண்டுபோனது நாம் ரூத்தோடு பார்த்த அதே சிக்கி வைஸ். பெட்டிகள் கை மாறிக் காணாமல்போயின. சிக்கியும் போரிலிருந்து தப்பி மெக்ஸிகோ போனார். ஓவியர் லியோனோரா காரிங்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். மெக்ஸிகோ சிட்டியிலேயே அறுபது வருஷத்துக்கு மேல் இருந்து 2007 ஜனவரியில் காலமானார். அந்தப் பெட்டிகளும் அதே மெக்ஸிகோ சிட்டியில்தான் இருந்தன! அவை நியூயார்க்கின் சர்வதேசப் புகைப்பட மையத்துக்கு வந்து சேர்ந்தது அதே 2007 டிசம்பரில். அந்த மையம் கெர்டாவின் படங்களுக்கென்று முதல் பெரிய தனிக் கண்காட்சியை அந்த இலையுதிர் காலத்தில்தான் தொடங்கியிருந்தது. அதற்கும் முன்னால் 1994-ல் ஜெர்மனியில் இர்மே ஷாபர் என்ற பெண்மணி கெர்டாவின் முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதியிருந்தார். அந்த வேலை நடந்திருக்காவிட்டால் இந்த நாவலும் இல்லை, நான் இந்த வாரம் இதை எழுதுவதும் இல்லை.

படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நாவலாசிரியர் மன்னிக்கட்டும், வரிசையை மாற்றிப் படியுங்கள். முன்னுரைப் பகுதி, அதற்கப்புறம் நேராக ரூத். பிறகு கியோர்க், கடைசியில் வில்லி. படிப்பதற்கு முந்தைய நாள் நியூயார்க் மையத்தின் இணையதளத்தில் கெர்டா டாரோ என்று தேடி, ஒரு மணி நேரம் படங்களை மட்டும் பாருங்கள். சதுரமாக இருப்பவற்றை முதலில்.